டெல்லியில் ஆணையம், தெருவில் புயல்: பேரிடர் மேலாண்மை குறித்து மக்கள் கேட்கும் கேள்விகள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வேதாரண்யம் பக்கம் வானிலைச் செய்தியைத் தவிர வேறு பேச்சு இருக்காது. 2018 கஜா புயலிலிருந்து முகாம்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் தன்னார்வலராக நின்று வருகிறேன். மக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைத்தான் சுற்றி வரும்: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று ஒன்று டெல்லியில் இருக்கிறதே, அது என்ன செய்கிறது, நம் தெருவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆரஞ்சு உடையில் படகோடு வருகிறார்களே, அவர்கள்தான் ஆணையமா?

இல்லை. அவர்கள் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், சுருக்கமாக என்.டி.ஆர்.எஃப். மத்தியக் காவல் படைகளிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த 16 பட்டாலியன்கள். ஒவ்வொன்றிலும் 1,149 பேர். நமக்குப் பக்கத்தில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள 4ஆவது பட்டாலியன். ஒரு பட்டாலியனில் 45 பேர் கொண்ட 18 தேடுதல் மீட்புக் குழுக்கள் உண்டு. பொறியாளர், எலக்ட்ரீஷியன், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய் என்று ஒரு குழு தன் தேவைக்குத் தானே போதுமானதாக இருக்கும்.

ஆணையம் வேறு. அதன் தலைவர் பிரதமர். கொள்கை வகுப்பது, புயலுக்கு என்ன செய்ய வேண்டும், நிலநடுக்கத்துக்கு என்ன, வெப்ப அலைக்கு என்ன என்று வழிகாட்டு நெறிமுறைகளை எழுதுவது, தேசியத் திட்டத்தைக் கவனிப்பது, அபாயக் குறைப்புத் திட்டங்களை நடத்துவது எல்லாம் அதன் வேலை. மீட்புப் படையின் பொதுவான மேற்பார்வையும் சட்டப்படி ஆணையத்திடம்தான் இருக்கிறது. அன்றாடக் கட்டளை மட்டும் படையின் தலைமை இயக்குநர் கையில். அதனால் வெள்ளத்தில் ஆணையத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அது ஒழுங்காக வேலை செய்ததா என்பது வெள்ளத்துக்கு முன்பே முடிவாகிவிடும்.

எப்போது, ஏன் தொடங்கினார்கள்?

அதற்கு முன்பெல்லாம் பேரிடர் என்றால் நிவாரணம் என்றுதான் அரசு நினைத்தது. மத்தியில் அந்தப் பொறுப்பு வேளாண் அமைச்சகத்திடம் இருந்தது. பஞ்சத்துக்கு உதவி கொடுக்கும் பழைய வழக்கத்தின் நீட்சி அது. 1999இல் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2001இல் குஜராத்தின் புஜ் நிலநடுக்கம். அதன்பின் பொறுப்பு உள்துறை அமைச்சகத்துக்கு மாறியது. 2004 டிசம்பர் 26 காலையில் என்ன நடந்தது என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். சுமத்ராவில் நிலம் நடுங்கி அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால் எவ்வளவோ குழந்தைகள் கரையைவிட்டு ஓடியிருப்பார்கள். சொல்ல ஆளும் இல்லை, சொல்வதற்கான ஏற்பாடும் இல்லை.

மறு ஆண்டே, 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. ஆணையம் 2006இல் முறைப்படி அமைந்தது.

டெல்லியிலிருந்து எங்கள் ஊர் வரை யார் யார் பொறுப்பு?

சட்டம் மூன்று படி வைத்திருக்கிறது. நாட்டுக்குப் பிரதமர் தலைமையிலான ஆணையம், மாநிலத்துக்கு முதல்வர் தலைமையில் ஒன்று, மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமையில் ஒன்று. மாவட்டத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். 2025இல் வந்த திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புற ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. சென்னை மாதிரி ஊருக்கு இது நெடுநாள் தேவை.

நடைமுறையில் முக்கியமானவர் ஆட்சியர்தான். பள்ளியை முகாமாக்குவது, வண்டிகளை எடுத்துக்கொள்வது, ஆபத்தான பகுதிக்குள் போகத் தடை போடுவது எல்லாம் அவர் அதிகாரம். அவருக்குக் கீழே வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ., கிராம உதவியாளர். சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்தக் கிராம உதவியாளர். எங்கள் ஊரில் இன்னமும் அவரைத் தலையாரி என்றுதான் சொல்வோம்.

புயல் வருகிறது என்று ஆணையம்தான் கண்டுபிடிக்கிறதா?

கண்டுபிடிப்பது வேறு துறைகள். புயல், மழை, வெப்ப அலை என்றால் இந்திய வானிலை ஆய்வுத் துறை. ஆற்று வெள்ளத்துக்கு மத்திய நீர் ஆணையம். நிலச்சரிவுக்கு இந்தியப் புவியியல் ஆய்வு மையம். சுனாமிக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ். அங்கே எச்சரிக்கை மையம் 2007 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. இவர்கள் தரும் எச்சரிக்கைகளை ஒரே குழாயில் சேர்த்து மக்களுக்கு அனுப்ப ஆணையம் 'சசேத்' என்ற தளத்தை நடத்துகிறது. மாநில மையம் சரிபார்த்து, எந்தப் பகுதிக்கு, எந்த மொழியில் போக வேண்டும் என்று முடிவு செய்து அனுப்பும்.

கைபேசி திடீரென்று அலறுகிறதே, அது என்ன?

செல் பிராட்காஸ்ட். 2023இல் நாடெங்கும் சோதனைச் செய்தி வந்தபோது பலர் பயந்து போனை அணைத்தே விட்டார்கள். சாதாரண எஸ்.எம்.எஸ். ஒவ்வோர் எண்ணையும் தேடிப் போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் திணறும். இது அப்படியில்லை. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும், வானொலி ஒலிபரப்பு மாதிரி, ஒரே நேரத்தில் போகும். உங்கள் எண் அவர்களுக்குத் தேவையில்லை, வெளியூர் சிம் ஆனாலும் வரும். போன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்ற பகுதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் இன்றைக்கே திறந்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனையும் பாருங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றால்? ரெட் அலர்ட் என்றால் லீவா?

மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இவை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் சேர்த்துத் தரும் சமிக்ஞைகள். மழையில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யிலிருந்து கனமழை, 115.6 மி.மீ.யிலிருந்து மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. பள்ளிக்கு விடுமுறை விடுவது ஆட்சியரின் தனி முடிவு.

துறைமுகத்தில் 7ஆம் எண் கூண்டு ஏற்றினால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

இதை ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள். கூண்டு கப்பல்களுக்கானது. 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 தொலைதூரப் புயலைச் சொல்லும். 3, 4 துறைமுகத்துக்கு உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். 5, 6, 7க்குள் வேறுபாடு புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கம் கடக்கும் என்பதுதான். எண் கூடியதால் காற்று கூடியது என்று அர்த்தமில்லை. வீட்டைக் காலி செய்வதற்கு ஆட்சியர் அறிவிப்பைக் கேளுங்கள், கூண்டு எண்ணை எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள்.

எச்சரிக்கை கொடுத்தும் மக்கள் ஏன் கிளம்புவதில்லை?

எங்கள் பெரியம்மாவைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 15 மாலை. காற்று இன்னும் கிளம்பவில்லை, வானம் மட்டும் சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ மூன்று முறை போய்விட்டது. டி.வி.யில் ஓயாமல் சொல்கிறார்கள். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து ஆட்டுக்குக் கிளுவைத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். “எத்தன புயல் பாத்தாச்சு, போடா. ஆட்ட யாரு பாப்பா?” என்றார். நான் கெஞ்சியதும் கோபித்ததும் எடுபடவில்லை. தலையாரி வந்தார். புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஆட்ட நான் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல கட்டிடறேன். ரேஷன் கார்டு, நகை, மாத்திரைய எடுத்துக்கிட்டு வாங்க பெரியம்மா” என்று கயிற்றை அவிழ்த்து ஆட்டோடு நடந்தார். பெரியம்மா பின்னாலேயே போனார். அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் ஓட்டைப் பிளந்துகொண்டு தென்னை விழுந்திருந்தது. அவர் வழக்கமாகப் படுக்கும் கயிற்றுக்கட்டில் அதன் அடியில் கிடந்தது.

அன்றைக்கு லட்சக்கணக்கான தென்னைகள் போயின, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உயிரிழப்பு அந்தச் சேதத்துக்கு ஏற்ற அளவில் கூடாமல் இருந்ததற்குக் காரணம், முந்தின நாளே பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு நகர்ந்ததுதான். ஆடு மாட்டுக்கும் இடம் ஏற்பாடு செய்தால் மனிதர்கள் வருவார்கள். இதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால் எந்தக் கூட்டத்திலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

முகாமில் எங்களுக்கு என்ன உரிமை?

சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவுகளை ஆணையம் வகுத்திருக்கிறது. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளைக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெரியவர்களுக்கு நாளைக்கு 2,400 கலோரி உணவு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் பாதுகாப்பும் வேண்டும்.

நான் நின்ற ஒரு முகாமில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவெல்லாம் பல பெண்கள் தண்ணீரே குடிக்கவில்லை. கேட்டபோது ஓர் அம்மா, “போகவேண்டி வந்தா எங்க தம்பி போறது?” என்றார். நாலு தாழ்ப்பாள் வாங்க எவ்வளவு ஆகிவிடும்? அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு நாங்களே வாங்கிப் பொருத்தினோம். இப்போதெல்லாம் புரட்டாசியிலேயே முகாமுக்கான கட்டடத்தைப் போய்ப் பார்த்துவிடுகிறோம். கதவு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி, சாவி யாரிடம் என்பது வரை. நீங்களும் உங்கள் ஊரில் செய்யுங்கள். குறை இருந்தால் மேலே சொன்ன அளவுகளைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போகும்?

இதுதான் இன்னும் ஆறாத புண். 2017 ஒக்கி புயலில், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாள் தொழிலுக்காக ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தன. புயல் என்ற அறிவிப்பு நவம்பர் 30 நண்பகல் வாக்கில் வந்தது. கரைக்கு அருகிலேயே உருவாகி வேகமாக வலுத்த புயல் அது. கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை போகாதவனுக்குத்தான் உதவும். போனவனிடம் இருந்த வி.எச்.எஃப். என்ற படகு வானொலிக் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. எத்தனையோ வீடுகளில் உடல்கூடத் திரும்பவில்லை.

அதன்பின் சில வேலைகள் நடந்தன. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் நாவிக் கருவிகள், அதே வேலைக்காக 2019இல் வந்த ஜெமினி கருவி, படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர். புயலாக மாறுவதற்கு முன்பே, தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு இருக்கும்போதே மீனவர்களுக்கு அறிக்கை தருவது. ஆழ்கடலுக்குப் போகும் கடைசிப் படகு வரைக்கும் ஒரு கருவி இருக்க வேண்டும், அது பழுதில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை இந்த வேலை முடிந்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அபாயத்தைக் குறைப்பது என்கிறார்களே, புயலையே நிறுத்திவிடுவார்களா?

புயலை நிறுத்த முடியாது, அது ஆளைக் கொல்வதை நிறுத்த முடியும். ஒடிசாவைப் பாருங்கள். 1999க்குப் பிறகு கரையோரம் முழுக்கப் புயல் காப்பகங்கள் கட்டினார்கள், கிராமந்தோறும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தினார்கள். 2013இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 1999இல் அதே கரையில் பத்தாயிரம். இந்த வேறுபாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கும்.

மத்திய அளவில் இதற்கென்றே தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டம் ஆந்திரம், ஒடிசாவில் தொடங்கி வேறு சில கரையோர மாநிலங்களுக்கும் போனது. காப்பகம், காப்பகத்துக்குப் போகும் சாலை, உப்புநீர்த் தடுப்பணை, நிலத்தடி மின்கம்பி என்று. 'ஆப்த மித்ர' திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு மீட்புப் பயிற்சி தர இலக்கு வைத்தார்கள். சென்னைக்கு வெள்ளத் தணிப்புக்காக 561.29 கோடி ரூபாய்த் திட்டம் 2023இல் ஒப்புதல் பெற்றது, அதில் 500 கோடி மத்திய உதவி. ஏரிகளைச் சீரமைப்பதும் அதில் அடக்கம். நம் முன்னோர் ஏரிக்கும் கண்மாய்க்கும் கலங்கல் வைத்து மிகைநீரை அடுத்த ஏரிக்கு அனுப்பினார்கள். அந்த வாய்க்காலை அடைத்து வீட்டு மனை போட்டது நாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாநிலப் பேரிடர் நிதி, தேசியப் பேரிடர் நிதி என்று இரண்டு. மாநில நிதியில் மத்திய அரசு 75 விழுக்காடு, மாநிலம் 25. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கு 1,60,153 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கென்றே ஒதுக்கியது.

எனக்கு மனவருத்தம் என்னவென்றால், தேசியத் தணிப்பு நிதி வேண்டும் என்று 2005 சட்டமே சொல்லியிருந்தும் அது அமைந்தது 2021இல்தான். முதல் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம்கூட 2016இல்தான் வெளியானது. பதினோரு ஆண்டு! விழுந்த வீட்டுக்குப் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும், விழாமல் காத்த வீடு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் இந்தத் தாமதம் என்று நினைக்கிறேன்.

இதைத் 'தேசியப் பேரிடர்' என்று அறிவியுங்கள் என்கிறார்களே?

சட்டத்தில் அப்படி அறிவிக்கும் ஏற்பாடே இல்லை. பேரிடர் மிகக் கடுமையானது என்று மத்திய அரசு வகைப்படுத்தலாம். மாநில நிதி போதாவிட்டால் மாநிலம் கோரிக்கை மனு கொடுக்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தொகையை முடிவு செய்யும். 2024 ஜூலை 30இல் நடந்த வயநாடு நிலச்சரிவு கடுமையான பேரிடர் என்று வகைப்படுத்தப்பட்டது அந்த ஆண்டு டிசம்பரில். வீடும் நிலமும் இழந்தவனுக்கு ஐந்து மாதம் என்பது மிக நீண்ட காலம்.

எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?

2022 முதல் 2026 வரைக்கான மத்திய வரையறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000. பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசன நிலத்துக்கு 17,000, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. அதுவும் 2 ஹெக்டேர் வரை. மாநில அரசு தன் பணத்திலிருந்து கூட்டித் தரலாம். கஜாவில் இறந்தவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு 10 லட்சம் அறிவித்தது. அந்த வரையறைக்கான மத்தியப் பட்டியலில் வெப்ப அலை இல்லை, ஆனால் தமிழ்நாடு 2024இல் அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கணக்கெடுக்க வருமுன் இடிபாட்டை அகற்றிவிடாதீர்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பட்டா, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் நகல்களை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கையை மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

'அணை உடைந்துவிட்டது' என்று வந்தால் அனுப்பாதீர்கள். பொய் எச்சரிக்கையால் பீதி கிளப்புவது சட்டத்தின் 54ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. உடனடி ஆபத்து என்றால் 112. இந்த மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள், கரண்ட் போய் போன் அணைந்த பிறகு பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட உதவும்.